பியூலா டீச்சரின் ஏழாம் தேற்றம்

செங்கல் வாங்கவில்லை, சிமெண்டு குழைக்கவில்லை, கொத்தனார் வாசலை மிதிக்கவில்லை. ஒருத்தி பிரம்பு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள், அவள் முதுகுக்குப் பின்னால் வீடு வளர்கிறது. அது என்ன?

நத்தை என்று சொல்லாதீர்கள், ஆமை என்றும் சொல்லாதீர்கள். பாளையங்கோட்டையில் வேதக்கோயில் என்று ஊர் சொல்லும் தேவாலயத்துக்குப் பின்னால் போகும் அந்தத் தெருவில் இந்த விடுகதையைப் போட்டால், மூக்கு ஒழுகும் பிள்ளைகூட யோசிக்காமல், பியூலா டீச்சர் வீடு என்று சொல்லிவிட்டு, இதெல்லாம் ஒரு விடுகதையா என்பதுபோல உங்களைப் பார்க்கும்.

பியூலா பிறந்ததும் அந்த வீட்டில்தான். முன்னால் ஒரு கூடம், அதை ஒட்டி அடுப்படி, அதற்குப் பின்னால் வாய்க்கால் வரைக்கும் நீண்டு கிடக்கும் புறவாசல், புறவாசலில் ஒரு வேப்பமரம். மொத்த வீடும் அவ்வளவுதான். அவள் சென்னைக்குப் போய்க் கணிதத்தில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டும் போகாமல், அம்மா தனியாக இருக்கிறாள் என்று ஊருக்கே திரும்பி, பெண்கள் கல்லூரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது முடிச்சுகளை. ஒரு நூலை மனம்போல் சிக்கலாக்கி இரண்டு நுனியையும் ஒட்டிவிட்டால், அறுக்காமல் அதை வெறும் வளையமாகப் பிரித்துவிட முடியுமா முடியாதா என்று, பிரித்துப் பார்க்காமலே சொல்ல வேண்டும். இதற்கா சம்பளம் தருகிறார்கள் என்று தெருவில் கேட்டார்கள். சம்பளம் காலையில் பிள்ளைகளுக்கு நுண்கணிதம் நடத்துவதற்கு, இது சாயங்காலத்துக்கு என்று பியூலா சொன்னாள்.

அப்படி ஒரு சாயங்காலம், நெடுநாளாக முரண்டு பிடித்துக்கொண்டிருந்த ஒரு நிரூபணம், ஈர வேட்டியை உதறினால் சுருக்கமெல்லாம் போய்விடுவதுபோல, ஒரே உதறலில் நேராகிவிட்டது. அவள் எழுந்து காப்பி போடப் போனாள். அடுப்படியில் விறகு அடுக்கியிருந்த சுவரில் ஒரு கதவு இருந்தது. தள்ளினால் ஓர் அறை. அறை முழுக்கப் புதுச் சுண்ணாம்பு வாசம். புறவாசலில் வேப்பமரம், இடம் போதாது என்று கண்டு, வாய்க்கால் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தது. பியூலாவின் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, பெருக்காமல் கிடக்கிறதே என்று சொல்லி விளக்குமாற்றை எடுத்து வந்தாள்.

அதன்பின் தேற்றத்துக்கு ஓர் அறை என்று வீடு பின்பக்கமாக வளர்ந்தது. வயரிங் வேலை பார்க்கும் மைதீன், புது அறை வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால், யாரும் கூப்பிடாமலே ஏணியும் வயருமாக வந்து நிற்பார். ஒவ்வொரு அறையும் அதனதன் நிரூபணத்தின் குணத்தோடு வந்தது. இது இப்படியானால், அது அப்படியானால் என்று கிளை கிளையாகப் பிரித்து எழுதிய இரண்டாம் தேற்றம், அங்கங்கே தூண் நிற்கும் நீள அறையாக வந்தது. அதில் ஒரு கட்டில் போட வழியில்லாததால் தெருப்பிள்ளைகள் தொட்டு விளையாடட்டும் என்று விட்டுவிட்டார்கள். நாலே பக்கத்தில் முடிந்த மூன்றாம் தேற்றம், சிறியதாக, எந்நேரமும் காற்று வருவதாக இருந்தது. கொல்கத்தாக்காரர் ஒருவரோடு சேர்ந்து எழுதிய நாலாம் தேற்றத்துக்குப் பாதி அறைதான் கிடைத்தது, மறுபாதி அவர் வீட்டில் முளைத்தது; நடுச்சுவரில் காதை வைத்தால் அந்த வீட்டு அம்மாள் கடுகெண்ணெயில் மீன் பொரிக்கும் சத்தம் கேட்கும், வாசமும் வரும், அன்றைக்கு வெறும் ரசம் வைத்த வீட்டுக்காரர்கள் சோற்றுத் தட்டோடு அங்கே வந்து உட்காருவார்கள்.

தெரு இதற்கெல்லாம் பழகிக்கொண்டது. கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்களை, மூன்றாம் தேற்றத்தில் படுங்கள், கொசு கிடையாது என்று அனுப்பினார்கள். சுடலைமாடன் கோயில் கொடைவிழா முடிந்ததும் பந்தல் சாமான்களும், கிறிஸ்துமஸ் முடிந்ததும் மூங்கில் நட்சத்திரங்களும் ஆறாம் தேற்றத்துக்குள் போய்ச் சேர்ந்தன. கல்லூரியில் பதவி உயர்வுக்கு அவளுடைய ஆராய்ச்சியை மதிப்பிட வந்த வெளியூர்ப் பேராசிரியர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாம் தேற்றத்தில் படுத்து நன்றாகத் தூங்கி எழுந்து, தெளிவான, காற்றோட்டமான வேலை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்ததை மேற்கே ஜன்னல் வைத்து நிரூபிக்க முடியாதா என்று மைதீன் ஒருமுறை கேட்டார். அது என் கையில் இல்லை, எது உண்மையோ அது வரும் என்று பியூலா பொறுமையாகச் சொன்னாள். உண்மை வரும்போது ஒரு குளியலறையையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தால் குறைந்தா போய்விடும் என்று அவர் வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

ஐந்தாம் தேற்றத்தைப் பற்றித் தெருவில் அதிகம் பேசுவதில்லை. அது வந்த சில மாதங்களில், கட்டுரையைப் பரிசீலித்த யாரோ ஒருவர் ஒரு பிழையைக் காட்டினார். பியூலா பார்த்தாள், பிழைதான், ஆமாம் என்று பதில் எழுதி அனுப்பினாள். அனுப்பிய உடனே அறை இல்லை. உள்ளே அடுக்கியிருந்த வேதக்கோயில் சபையின் மடக்கு நாற்காலிகள் மட்டும் வெறும் மண்ணில், மழையில் நனைந்துகொண்டிருந்தன. தப்பென்று ஒப்புக்கொண்டு எழுதி அனுப்பினால் அறை போய்விடும் என்பதைத் தெரு அன்றைக்குத் தெரிந்துகொண்டது.

ஏழாம் தேற்றம்தான் பெரியது. எத்தனை நூல் பின்னிக் கிடந்தாலும், எப்படிப் பின்னிக் கிடந்தாலும், அது மெய்யான சிக்கலா, சிக்கல் போன்ற தோற்றமா என்று கண்டுபிடிக்க ஒரே வழி உண்டு என்று அது சொன்னது. அவளுடைய பெயர் ஊரைத் தாண்டிப் போனதும் அதனால்தான். கல்யாண மண்டபம் மாதிரி ஓர் அறை வந்தது, ஒரு கோடியில் புறவாசல் வழிக்குத் திறக்கும் கதவு, மறுகோடியில் வாய்க்காலைப் பார்த்த ஜன்னல்கள். அந்த வருஷம்தான் ஆற்றில் வெள்ளம் வந்து கரையோர வீடுகளை வாரிக்கொண்டு போனது. ஆட்டோ ஓட்டும் கொம்பையாவும், இட்லி மாவு ஆட்டி விற்கும் அவர் மனைவி செண்பகமும், ஒரு கிரைண்டரையும் நிறைமாத வயிற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, வெள்ளம் வடிகிறவரைக்கும் என்று வந்தார்கள். வெள்ளம் வடிந்தது. அவர்களுக்கு ஏழாம் தேற்றத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது, ஆவுடை என்று பெயர் வைத்தார்கள். பிறகு யாரும் போவதைப் பற்றிப் பேசவில்லை. செண்பகத்தின் கிரைண்டர் கதவுப் பக்கம் ஓடிக்கொண்டிருக்க, பியூலாவின் அம்மா காலமாகி, பியூலா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஆவுடை ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

அப்போது திருவனந்தபுரத்திலிருந்து அனகா என்ற ஆராய்ச்சி மாணவி ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். ஏழாம் தேற்றத்தின்மேல்தான் தன் ஆய்வேடு முழுவதையும் எழுதிக்கொண்டிருப்பதாகவும், நிரூபணத்தின் நடுவில் பேராசிரியர் 'இது தெளிவு' என்று எழுதியிருக்கும் இடம் தனக்குத் தெளிவாகவில்லை என்றும், அது தன் குறைதான் என்றும், ஒரு வரி விளக்கினால் போதும் என்றும் கேட்டிருந்தாள்.

கணிதக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நிரூபணம் எழுதிக்கொண்டே வரும்போது, கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதை விளக்கக் கை சோம்பும் இடத்தில், 'இது தெளிவு' என்று போட்டுவிட்டு மேலே போய்விடுவார்கள். படிக்கிறவருக்கு அது தெளிவாகாவிட்டால், தனக்குத்தான் மூளை போதவில்லை என்று வெட்கப்பட்டு, யாரிடமும் கேட்காமல் அவரும் மேலே போய்விடுவார். பியூலா அந்த ஒரு வரி விளக்கத்தை எழுத உட்கார்ந்தாள். ஒரு வரி ஒரு பக்கமாயிற்று, பக்கம் பல பக்கமாயிற்று. கடைசியில் ஒரு தாளில் இரண்டு நூல்களை வரைந்து, ஒன்று மற்றதன்மேல் அடுத்தடுத்து ஏறிப் போகும்படி பின்னிப் பார்த்தாள். அந்தச் சின்னப் படத்தில் ஏழாம் தேற்றம் பொய்யாகக் கிடந்தது. அப்படியானால் இத்தனை காலம் அந்த அறையைத் தாங்கி நின்றது எது என்று அவள் யோசித்தாள். நிரூபணம் தாங்கவில்லை. படித்தவர்களின் கூச்சம்தான் தாங்கியிருக்கிறது.

அவள் அனகாவுக்கு, நீ கேட்டது சரியான கேள்வி, கொஞ்சம் பொறு என்று மட்டும் எழுதினாள். பிறகு கொம்பையாவையும் செண்பகத்தையும் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மைதீன் வந்துவிட்டார், அவர் பின்னால் தெருவும் வந்துவிட்டது.

எங்கே போவார்கள் என்பதுதான் கேள்வி. முதல் அறையில் பியூலா இருந்தாள். மூன்றாவதில் விடுதி கிடைக்காத மாணவிகள் தங்கியிருந்தார்கள். மற்றவை தூணும் பந்தல் காலும் பாதி அறையுமாகக் கிடந்தன. வெளியே வாடகைக்குக் கேட்டால், கிரைண்டர் என்றதுமே வீட்டுக்காரர்கள் சத்தம், கரண்டு என்று கதவைச் சாத்தினார்கள். கிரைண்டர் இல்லாவிட்டால் செண்பகத்துக்குப் பிழைப்பு இல்லை.

"உங்க ஏழாம் தேத்தத்த எத்தன பேரு படிச்சிருப்பாங்க டீச்சர்?" என்று மைதீன் கேட்டார்.

"உலகம் பூரா சேத்தா ஒரு முப்பது பேரு இருக்கும்."

"அதுல யாரும் இந்தத் தெருவுக்கு வரப் போறாங்களா?"

"இல்ல."

"பெறவு என்ன? அந்த முப்பது பேரும் படிச்சிட்டுப் போயிட்டாங்க. இவங்க குடியிருக்காங்கல்லா."

தெரு தலையாட்டியது. நான் பேசாமல் இருந்தால் அந்தப் பெண் தப்பின்மேல் கட்டிக்கொண்டே போவாள், அவளுடைய இத்தனை வருஷப் படிப்பும் ஒருநாள் மழையில் நனையும் என்று பியூலா சொன்னாள். கூட்டத்தில் யாரோ, அவளையும் இங்கே வரச் சொல்லுங்கள், கொல்கத்தா அறையில் இடம் இருக்கிறது என்றார்கள். செண்பகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ள நம்பரத் தாங்க, நான் பேசுதேன்" என்றாள்.

அவள் போனை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். அக்கரையில் நிற்கிறவளிடம் பேசுவதுபோல உரக்கப் பேசினாள், அதனால் பாதி தெருவுக்குக் கேட்டது. முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டாள். பிறகு வெள்ளத்தைச் சொன்னாள், கிரைண்டரைச் சொன்னாள், பிள்ளை பிறந்ததைச் சொன்னாள், நீ அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை என்று வைத்துக்கொண்டால் என்ன என்றாள். அதற்குப் பிறகு நெடுநேரம் அவள் குரல் கேட்கவில்லை, அந்தப் பக்கம்தான் பேசிக்கொண்டிருந்தது போலிருக்கிறது, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக. செண்பகம் திரும்பி வந்தபோது போன் முழுக்க மாவாக இருந்தது.

"அது எழுதுறத விட்டுருதேங்கு டீச்சர். வேற ஏதாவது எடுத்து முதல்ல இருந்து படிச்சிக்கிடுதேன், நீங்க வீட்ட விட்டுப் போவாண்டாம் அக்காங்கு. நாலு வருசமாப் படிக்குதாம். அழுகவும் இல்ல, சாதாரணமாச் சொல்லுது." அவள் கிரைண்டர் இருந்த பக்கம் பார்த்தாள். "எனக்கு வேண்டாம். நீங்க தப்புன்னு எழுதிருங்க."

கொம்பையா மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு, ஆட்டோவில் ஒரு சக்கரம் போனால் ஆட்டோவையே தூக்கிப் போடுவதில்லையே, மராமத்து ஏதாவது பண்ண முடியாதா என்று கேட்டார். பார்க்க வேண்டும் என்றாள் பியூலா. அனகா ஆய்வேட்டை முடித்தாக வேண்டிய கோடை வரைக்கும் அவகாசம் இருந்தது. அதற்குள் எதை மீட்க முடிகிறதோ அது நிற்கும், மீட்க முடியாதது போகும்.

அன்றிலிருந்து தெருவில் அதற்கு மராமத்து என்றே பெயர். டீச்சர் மராமத்தில் இருக்கிறார்கள் என்று சொன்னால் மீன்காரர் கூவாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். கோயில் ஒலிபெருக்கி வாய்க்கால் பக்கமாகத் திரும்பிக்கொண்டது, வேதக்கோயிலில் பாட்டுப் பயிற்சி சாயங்காலத்திலிருந்து காலைக்கு மாறியது, பையன்கள் மட்டையையும் பந்தையும் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய் அந்தத் தெருக்காரர்களிடம் திட்டு வாங்கினார்கள். செண்பகம் கிரைண்டரைப் பியூலா கல்லூரி நூலகத்துக்குப் போகும் நேரமாகப் பார்த்து ஓடவிட்டாள். மைதீன் வீட்டிலிருந்து சுக்குக் காப்பி வந்தது. இதெல்லாம் சரி, ஆனால் நாற்காலியில் சும்மாதானே இருக்கிறார்கள், மராமத்து நடக்கிறது என்று எப்படித் தெரியும் என்று புதிதாகக் குடிவந்த ஒருவர் கேட்டதற்கு, கண்ணை மூடியிருந்தால் நடக்கிறது, திறந்திருந்தால் மாட்டிக்கொண்டது என்று விளக்கினார்கள்.

முதல் சில நாள் பியூலாவுக்கு வெட்கமாக இருந்தது. கல்லூரி வழியாகப் போனால் மாணவிகளெல்லாம் தன் தேற்றத்தைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. பிறகு வெட்கம் எப்போது போயிற்று என்று தெரியாமலே போய்விட்டது. காலையில் எழுந்ததும் அந்த இரண்டு நூல்களும் நினைவுக்கு வந்தன, பல் விளக்கும்போதும் வந்தன. எங்கே நிற்கிறது, எங்கே விழுகிறது என்று ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்துக்கொண்டு போவது, முப்பது வயதில் முதல் தேற்றத்துக்கு உட்கார்ந்திருந்த நாட்களைப் போலவே இருந்தது. கோடைக்குப் பிறகு யார் எங்கே இருப்பார்கள் என்று தெரியாத ஒரு வீட்டில், இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா என்று அவளுக்கே சங்கடமாக இருந்தது, ஆனாலும் இருந்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆவுடை நாற்காலிப் பக்கத்தில் நின்று, எந்தப் பக்கம் போகும் என்று கேட்பாள். இன்னும் தெரியவில்லை என்பாள் பியூலா. சரி என்று சொல்லிவிட்டு அவள் விளையாடப் போய்விடுவாள்.

மாம்பழம் வரத் தொடங்கிய சமயத்தில் தெரிந்தது. நூல் ஒன்றே ஒன்றாக இருந்தால், அதை எப்படிச் சிக்கலாக்கினாலும், ஏழாம் தேற்றம் சரிதான். நூல்கள் பலவாக இருந்தாலும், கூடை பின்னுவதுபோல மேலே ஒன்று கீழே ஒன்று என்று மாறி மாறிப் போனால், அப்போதும் சரிதான். இரண்டுக்கும் புதிய நிரூபணம் கிடைத்துவிட்டது, எங்கேயும் 'இது தெளிவு' இல்லாமல். இரண்டிலும் சேராமல் நடுவில் கிடக்கும் சிக்கல்களுக்கு மட்டும் தேற்றம் பொய், அதை எந்தப் புத்திசாலி வந்தாலும் காப்பாற்ற முடியாது. அனகாவின் ஆய்வேடு ஒற்றை நூலைப் பற்றியது; ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.

பியூலா கொம்பையா குடும்பத்தைக் கூப்பிட்டு, அறையின் இரண்டு கோடியும் நிற்கும் என்று நினைக்கிறேன், நடு போய்விடும், நடு எவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியாது என்றாள். கொம்பையா நடுவில் இருந்த பீரோவையும் கட்டிலையும் ஜன்னல் பக்கம் நகர்த்தினார். செண்பகம் அடுப்பையும் பாத்திரங்களையும் கிரைண்டர் பக்கம் ஒதுக்கினாள். மைதீன் ஏணியில் ஏறி, கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் போகும் வயரைத் தொங்கலாக விட்டு இறங்கினார். எவ்வளவு அகலம் என்று டீச்சருக்கே தெரியாதபோது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, வயர் எப்போதும் கொஞ்சம் கூடத்தான் விட வேண்டும், அதற்குத் தேற்றம் தேவையில்லை என்றார்.

பியூலா பிழையை ஒப்புக்கொண்டும், திருத்தத்தைச் சொல்லியும், கேள்வி கேட்ட அனகாவுக்கு நன்றி சொல்லியும் எழுதி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆய்விதழுக்கு அனுப்பினாள். கண்ணாடியைக் கழற்றி வைப்பதற்குள் பின்பக்கம் ஒரு வெளிச்சம் வந்தது. தெருக்காரர்கள் பின்வழியாகப் போய்ப் பார்த்தார்கள். கிரைண்டர் பக்கம் ஓர் அறை இருந்தது, ஜன்னல் பக்கம் ஓர் அறை இருந்தது, இரண்டும் முழுச்சுவரோடு, முன்பைவிடக் கெட்டியாக. நடுவில் கூரையும் இல்லை, தரையும் இல்லை; இளஞ்சூட்டோடு செம்மண்ணும், அதற்கு மேலே வானமும் இருந்தன. வயர் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தொங்கிக்கொண்டிருந்தது, அதில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்துவிட்டது. அகலம் போதும், துணி காயப்போடலாம் என்று யாரோ அளந்து பார்த்துச் சொன்னார்கள். செண்பகம் கிரைண்டரைப் போட்டுப் பார்த்தாள், ஓடியது.

பள்ளிக்கூடம் விட்டு ஆவுடை வந்தாள். பையோடு நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். அம்மாவோடு இந்தப் பக்கம் இருந்துகொள், மழைக்காலத்தில் அடுப்புப் பக்கத்தில் குளிராது என்று செண்பகம் சொன்னாள். இங்கேதான் ஜன்னல் இருக்கிறது, படிக்க வெளிச்சம் வரும், இங்கே வா என்று கொம்பையா அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார். எதுவானாலும் ஒரு லைட் போட்டுத் தருகிறேன் என்று மைதீன் சொன்னார். எந்தப் பக்கம் என்று ஆவுடை பியூலாவிடமும் கேட்டாள். ரெண்டும் சரிதான், நிரூபித்தாகிவிட்டது என்றாள் பியூலா.

அப்போ நடுவில் என்ன என்று ஆவுடை கேட்டாள். நடுவில் ஒன்றும் இல்லை, அங்கே தேற்றம் கிடையாது என்றாள் பியூலா. மழை வந்தால் என்ன செய்வாய் என்று அம்மா கேட்டாள். உள்ளே வருவேன் என்றாள்.

ஆவுடை நடுவை எடுத்துக்கொண்டாள்.